வேலி வெட்டும் இயந்திரமும் வேலியோரம் நிற்கும் நாமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் என்றாவது பயணம் செய்ததுண்டா? மழைக்காலமானால் இருபுறமும் கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் மல்லியும் நிற்கும். கோடையானால் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்தான் தெரியும். ஆனால் எந்தக் காலத்தில் போனாலும் ஒரு பச்சை மட்டும் மாறாமல் கூடவே வரும். சாலையோரம், கண்மாய்க் கரை, ஓடை, வரப்பு, தரிசு என எங்கும் அது அடர்ந்து நிற்கும். அதுதான் சீமைக் கருவேலம். வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். பெயரிலேயே வேலி இருக்கிறது பாருங்கள்!

இந்த வேலியை வெட்டாமல் விட்டால் வண்டிப்பாதை அடைபடும். சாலை வளைவில் எதிரே வரும் வண்டி தெரியாது. வரப்பு மறைந்து, புஞ்சை சுருங்கும். முன்பெல்லாம் அரிவாளும் கவைக்கம்பும் கொண்டு ஆட்கள் வெட்டினார்கள். இப்போது டிராக்டரின் பின்னால் பொருத்திய சுழலும் கத்தி இயந்திரம் வந்துவிட்டது. பத்துப் பேர் பல நாள் செய்யும் வேலையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

அதே வேகம்தான் ஆபத்தும் கூட. இந்த இயந்திரம் ஏன் ஆபத்தானது, எவ்வளவு ஆபத்தானது என்பதை வெறும் அச்சுறுத்தலாகச் சொல்லாமல், நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு வந்த விருந்தாளி

முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். சீமைக் கருவேலத்தின் தாயகம் நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியன் தீவுகள். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரியின் முயற்சியால் ஜமைக்காவிலிருந்து விதைகள் வரவழைக்கப்பட்டு, 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம் பகுதியில் விதைக்கப்பட்டன. வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்பதே அன்றைய நோக்கம்.

விறகு கிடைத்தது. வேலியும் கிடைத்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இன்றும் இதுவே ஆதாரம். ஆனால் வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்டதுபோல் கண்மாய்களையும் தரிசுகளையும் இது நிரப்பிவிட்டது. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அதில் முக்கியமாகக் கருதப்பட்ட தாவரங்களுள் சீமைக் கருவேலமும் ஒன்று.

இதன் வேர் எவ்வளவு ஆழம் போகும் தெரியுமா? இதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் நம் வறண்ட பூமியில், மற்றவை வாடும்போது இது மட்டும் பச்சையாக நிற்பதன் இரகசியம் இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

தொங்கும் கத்தி எதற்கு?

இனி இயந்திரத்துக்கு வருவோம். இதை ஆங்கிலேயர் ஃபிளெய்ல் மோவர் என்பார்கள். ஃபிளெய்ல் என்பது மேலை நாடுகளில் கதிரடிக்கப் பயன்பட்ட ஒரு கருவியின் பெயர். நீண்ட கைக்கோலின் நுனியில் ஒரு குறுங்கோலைத் தோல் வாரால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கைக்கோலை வீசினால் குறுங்கோல் சுழன்று வந்து கதிரை அடிக்கும்.

இயந்திரத்திலும் அதே தத்துவம்தான். ஒரு கனத்த இரும்பு உருளை கிடைமட்டமாக இருக்கும். அதன்மேல் வரிசை வரிசையாகச் சிறு கத்திகளை முளை ஒன்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். உருளை நிற்கும்போது கத்திகள் சாவிக்கொத்துப்போல் துவண்டு தொங்கும். உருளை வேகமாகச் சுழலும்போது அவை விறைத்துக்கொண்டு நீட்டி நிற்கும். மேலே ஓர் இரும்புக் கூடு மூடியிருக்கும்.

கத்தியை உருளையோடு அசையாமல் பற்றவைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கரிசல் காட்டில் சுக்கான் கல்லும் பழைய அடிக்கட்டையும் ஏராளம். அசையாத கத்தி அவற்றில் மோதினால் முறிந்துபோகும். தொங்கும் கத்தியோ மோதியவுடன் மடங்கிப் பின்வாங்கும். தடையைத் தாண்டியதும் மறுபடி நீளும்.

நம் பக்கத்தில் பருத்தி மாரையும் பெருவிரல் பருமனுள்ள முள் கொப்புகளையும் பொடியாக்க, டிராக்டரின் நேர் பின்னால் பொருத்தும் 'ஷ்ரெடர்' வகைதான் அதிகம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் கிராமச் சாலைகளின் உயிர்வேலிகளை வெட்ட, டிராக்டரின் பக்கவாட்டில் யானைத் துதிக்கைபோல் நீளும் ஒரு கையின் நுனியில் கத்தி உருளையைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பருத்த அடிமரங்களுக்கு இவை இரண்டும் ஏற்றவை அல்ல. அதற்கு இரம்பமோ மண்தோண்டும் இயந்திரமோ வேண்டும்.

முதல் கணக்கு: கவண்கல்

டிராக்டரின் பின்புறம் ஒரு சுழலும் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பி.டி.ஓ. என்று அழைக்கிறார்கள். பெரும்பாலான டிராக்டர்களில் அது நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பல்சக்கரங்களும் பெல்ட்டும் சேர்ந்து இந்த வேகத்தைப் பெருக்கிக் கத்தி உருளைக்குக் கொடுக்கின்றன.

உருளை நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். கத்தியின் நுனி அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர், அதாவது 0.2 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும்.

வினாடிக்குச் சுற்றுகள் = 2,000 ÷ 60 = 33.3
ஒரு சுற்றில் நுனி செல்லும் தூரம் = 2 × 3.14 × 0.2 = 1.256 மீட்டர்
நுனியின் வேகம் = 1.256 × 33.3 = வினாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர்

இது மணிக்கு 151 கிலோமீட்டர். உலகின் மிக வேகமான கிரிக்கெட் பந்து வீச்சாளர்கள் எறியும் வேகம் இது. ஆனால் கத்தியின் எதிரே மட்டை பிடித்து, கவசம் அணிந்து யாரும் நிற்பதில்லை.

50 கிராம் எடையுள்ள ஒரு சுக்கான் கல்லைக் கத்தி அடித்து அதே வேகத்தில் எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது: ½ × 0.05 × 42 × 42 = 44 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் மேலிருந்து, ஏறத்தாழ 4½ மீட்டர் உயரத்திலிருந்து, கீழே விட்டால் அது தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் ஆற்றல் இதற்குச் சமம். அந்தக் கல் உங்கள் தலையில் விழலாமா? எறிகல்லும் அப்படித்தான். கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

காற்றின் தடையே இல்லையென்றால், 45 பாகைக் கோணத்தில் கிளம்பும் இக்கல் 180 மீட்டர் செல்லும். காற்று இருப்பதால் அவ்வளவு போகாது. ஆனாலும் பல பத்து மீட்டர் எளிதில் போய்விடும். தினைப்புலம் காப்பவர்கள் கவணில் கல்லை வைத்துச் சுழற்றி எறிவது போன்றதே இது. வேறுபாடு ஒன்றுதான்: கவண்காரன் எங்கே எறிகிறோம் என்று பார்த்து எறிகிறான்; இயந்திரம் பார்ப்பதில்லை.

இதற்காகத்தான் இயந்திரத்தின் பின்புறம் கனத்த ரப்பர் தட்டிகளோ சங்கிலித் திரையோ தொங்கவிடப்பட்டிருக்கும். 'இது உரசிக்கொண்டே வருகிறது' என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் மிகத் தவறானது. அது அலங்காரமல்ல, கேடயம். கேடயம் இருந்தாலும்கூட, இயந்திரம் ஓடும்போது 100 மீட்டருக்குள் எவரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் நடையில் சுமார் 150 எட்டு என்று நினைவில் வையுங்கள்.

இரண்டாம் கணக்கு: ஒரு கத்தி போனால்?

சுழலும் பொருளை வட்டப் பாதையில் பிடித்துவைக்க உள்நோக்கிய விசை ஒன்று வேண்டும். அதுவே மையநோக்கு விசை. ஒரு கிலோ எடையுள்ள கத்தியை அதன் முளை எவ்வளவு விசையோடு பிடித்திருக்க வேண்டும்? கணக்கை எளிதாக்க, கத்தியின் முழு நிறையும் நுனியில் இருப்பதாகக் கொள்வோம்.

விசை = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம் = 1 × 42 × 42 ÷ 0.2 = 8,820 நியூட்டன்

இது 900 கிலோ எடைக்குச் சமம்! ஒரு கிலோ கத்தியைத் தாங்கும் விரல் பருமனுள்ள முளையில், ஏறத்தாழ ஒரு சிறிய காரையே கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆகிறது. முளை தேய்ந்திருந்தால் அல்லது அதன் பூட்டு கழன்றிருந்தால் கத்தி பறந்துவிடும். அதன் ஆற்றல் 880 ஜூலுக்கு மேல். முன்பு சொன்ன கல்லைப்போல் இருபது மடங்கு.

இன்னொன்றும் நடக்கும். உருளையின் எதிரெதிர்ப் பக்கங்களில் கத்திகள் சமமாக இருக்கும்வரை அவற்றின் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒன்று போய்விட்டால், எதிர்ப்பக்கக் கத்தியின் 900 கிலோ இழுப்பு ஈடில்லாமல் வினாடிக்கு 33 முறை சுற்றிச் சுற்றி உருளையை உலுக்கும். பேரிங்குகள் நொறுங்கும், மற்ற முளைகளும் தளரும். எனவே ஓடும் இயந்திரம் திடீரென்று அதிரத் தொடங்கினால், 'இந்த ஒரு சால் முடித்துவிட்டுப் பார்ப்போம்' என்று தொடரக்கூடாது. உடனே நிறுத்த வேண்டும். கத்தியை மாற்றும்போதும் எதிர்ப்பக்கக் கத்தியையும் சேர்த்து, சம எடையுள்ள சோடியாக மாற்ற வேண்டும்.

மூன்றாம் கணக்கு: இராட்டையும் லுங்கியும்

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறிக்கார வீடுகளில் இராட்டையைச் சுற்றித் தார் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நூலின் ஒரு முனை சுழலும் கதிரில் சிக்கிவிட்டால் போதும். மீதி நூல் தானாகவே வந்து சுற்றிக்கொள்ளும்.

டிராக்டரையும் இயந்திரத்தையும் இணைக்கும் பி.டி.ஓ. தண்டும் ஓர் இராட்டைதான். ஆனால் அதைச் சுழற்றுவது கையல்ல, 35 குதிரைத்திறன் எஞ்சின்.

தண்டின் இணைப்புப் பகுதியின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. அதில் ஒரு துணி சிக்கினால் வினாடிக்கு எவ்வளவு சுற்றிக்கொள்ளும்?

3.14 × 0.07 × 9 = 1.98 மீட்டர்

ஒரு லுங்கியின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதாவது முனை மாட்டிய ஒரே வினாடியில் முழு லுங்கியும் தண்டில் இருக்கும். மாட்டியதை உணர்ந்து, கூச்சலிட்டு, அதை ஓட்டுநர் கேட்டு, கிளட்ச்சை மிதிக்க ஒரு வினாடி போதுமா? போதாது.

இழுத்துப் பிடித்துக்கொள்ளலாமே என்றால், அதையும் கணக்கிடுவோம். 35 குதிரைத்திறன் என்பது 26,110 வாட். இதை வினாடிக்கு 2 மீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் துணியை இழுக்கும் விசை கிடைக்கும்: ஏறத்தாழ 13,000 நியூட்டன். 1,300 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு! இதனோடு எந்தப் பயில்வானும் இழுபறி நடத்த முடியாது.

ஆகவே லுங்கி, தோளில் துண்டு, தாவணி, முந்தானை, பின்னாமல் விட்ட கூந்தல் ஆகிய எவையும் ஓடும் தண்டின் அருகே வரக்கூடாது. தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழல் உறை இருக்கும். உள்ளே தண்டு சுழன்றாலும் உறை சுழலாதபடி அதைச் சிறு சங்கிலியால் கட்டியிருப்பார்கள். உறை உடைந்திருந்தால் அன்றைய வேலையைத் தொடங்கக்கூடாது. உறை முழுதாக இருந்தாலும் ஓடும் தண்டைத் தாண்டக்கூடாது.

இது நம் நாடு விலை கொடுத்துக் கற்ற பாடம். கதிரடிக்கும் இயந்திரங்களில் கையை இழந்தவர்கள் பெருகியதைத் தொடர்ந்து, இந்திய நாடாளுமன்றம் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. இயந்திரத்தோடு பாதுகாப்பு அமைப்பும் இருந்தாக வேண்டும் என்பதே அதன் சாரம்.

நான்காம் கணக்கு: சாயும் டிராக்டர்

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே தொங்கும் செங்குத்துக் கோடு அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை அது சாயாது. வகுப்பில் படித்திருப்பீர்கள். இதைக் கண்மாய்க் கரையில் நிற்கும் டிராக்டருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

டிராக்டரின் எடை 2,000 கிலோ. பின்சக்கரங்களுக்கு இடையே தூரம் 1.3 மீட்டர், அதில் பாதி 0.65 மீட்டர். ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.75 மீட்டர். பக்கவாட்டுச் சரிவில் நிற்கும் டிராக்டர் எந்தக் கோணத்தில் கவிழத் தொடங்கும்? அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் = 0.65 ÷ 0.75 = 0.867. கோணம் ஏறத்தாழ 41 பாகை. பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது பக்கவாட்டுக் கையை நீட்டுங்கள். 200 கிலோ எடையுள்ள கத்திப் பெட்டி, டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தூரத்தில், சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். அதன் உயரமும் 0.75 மீட்டர் என்றே கொள்வோம். மொத்த ஈர்ப்பு மையம் எவ்வளவு நகரும்?

200 × 3 ÷ 2,200 = 0.27 மீட்டர்

மிச்சமிருக்கும் இடைவெளி 0.65 - 0.27 = 0.38 மீட்டர். டேன்ஜென்ட் 0.38 ÷ 0.75 = 0.507. கோணம் 27 பாகைக்குச் சரிந்துவிட்டது!

இரண்டடி அகலத்துக்கு ஓரடி உயரம் என்ற சரிவில் அமைந்த ஒரு மண்கரையின் கோணமும் கிட்டத்தட்ட 27 பாகைதான். அத்தகைய கரையின் பக்கவாட்டில் கையை நீட்டியபடி நின்றால், டிராக்டர் கவிழும் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். அதுவும் அசையாமல் நிற்கும்போது. ஓடும்போது மேல்சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினாலோ, கீழ்ச்சக்கரம் எலி வளையில் இறங்கினாலோ இதைவிடக் குறைந்த சரிவிலேயே கவிழ்ந்துவிடும். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஊசலாடும்படி அமைந்திருப்பதால் உண்மையான எல்லை நம் கணக்கைவிடக் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. அதனால்தான் கரைச் சரிவில் டிராக்டரை ஏற்றாமல், சமதரையில் நின்றபடியே கை எட்டும் மட்டும் வெட்ட வேண்டும் என்கிறார்கள்.

சுவீடன் நாடு 1959இல் ஒரு விதி கொண்டுவந்தது: புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காத உறுதியான இரும்புச் சட்டம் இருக்க வேண்டும். அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர் தொகை பெரிதும் குறைந்தது. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. அந்தச் சட்டம் உள்ள டிராக்டரில் இருக்கை வாரையும் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்தின் கீழேயே விழக்கூடும்.

வெட்டுவதற்கு முன் நடந்து பாருங்கள்

கணக்குகள் முடிந்தன. இனிச் செய்முறை. முதல் விதி: இயந்திரம் போகும் இடத்தில் முதலில் மனிதன் நடந்து போக வேண்டும்.

நம் வறண்ட பூமிக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. தண்ணீர் வற்றியதால் கைவிடப்பட்ட பழைய கிணறுகள்! கைப்பிடிச் சுவர் இடிந்து, சுற்றிலும் கருவை மூடி, பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் கிணறு என்று தெரியாதபடி அவை கிடக்கும். வெளியூர் ஓட்டுநருக்கு இது தெரியாது. ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து, கிணறு, பள்ளம், மூடாத ஆழ்துளைக் குழி இவற்றின் அருகே உயரமான கம்பில் சிவப்புத் துணி கட்டி அடையாளமிட வேண்டும்.

பழைய முள்கம்பி, உடைந்த பாட்டில், இரும்புத் துண்டு, பெருங்கல் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். முள்கம்பி உருளையில் சுற்றிக்கொண்டால் அதன் முனை சாட்டைபோல் வெளியே வீசும். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கதண்டுக் கூடு, தேன்கூடு, பறவைக் கூடு, பாம்புப் புற்று இருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும்.

நிறுத்தும் வரிசை

இந்த இயந்திரத்தில் விபத்து நடக்கும் தருணம் பெரும்பாலும் வெட்டும் தருணமல்ல. அடைப்பை நீக்கும் தருணம். கொப்பு சிக்கி உருளை நின்றுவிடும். வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்தாமலே கையாலோ கம்பாலோ இழுத்துவிடலாம் என்ற அவசரம் வரும். கொப்பு விடுபட்ட கணமே உருளை சுழலத் தொடங்கிவிடும். கையை எடுக்க நேரம் இராது.

ஆகவே டிராக்டரைவிட்டு இறங்குமுன் கீழ்க்கண்ட வரிசை மாறக்கூடாது.

1. பி.டி.ஓ. நெம்புகோலை விடுவிக்க வேண்டும்.
2. இயந்திரத்தைத் தரையில் இறக்க வேண்டும். தூக்கி நிற்கும் இயந்திரத்தைத் தாங்குவது எண்ணெயின் அழுத்தம் மட்டுமே. நெம்புகோலில் கை பட்டாலும் குழாய் வெடித்தாலும் அது கீழே விழும். அடியில் பார்க்க வேண்டியிருந்தால், தூக்கியபின் உறுதியான கட்டைகளை முட்டுக்கொடுத்த பிறகே பார்க்க வேண்டும்.
3. கைப்பிரேக்கைப் போட வேண்டும்.
4. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி உங்களிடம் இருக்கும்வரை வேறு எவரும் எஞ்சினைக் கிளப்ப முடியாது.
5. உருளை முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதுக்குக் காரணம் நிலைமம். மின்விசிறியை அணைத்த பிறகும் அது சுற்றிக்கொண்டிருப்பதைப்போல், கனத்த உருளை தான் சேமித்த ஆற்றல் தீரும்வரை சுழலும். அதுமட்டுமல்ல. நம் கண்ணில் பதியும் உருவம் ஏறத்தாழ 1/16 வினாடி நிலைக்கிறது. அந்த நேரத்துக்குள் கத்தி இரண்டு சுற்று சுற்றிவிடுகிறது. எனவே வேகமாகச் சுழலும் கத்திகள் தனித்தனியாகத் தெரியாமல், அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றக்கூடும். கண்ணை நம்பக்கூடாது, நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஓட்டுநருக்குக் கண்ணாடி, காதுமூடி, கனத்த காலணி, முழுக்கால் சட்டை ஆகியவை அவசியம். கருவை முள் டிராக்டர் டயரையே துளைக்கும். ரப்பர் செருப்பு எம்மாத்திரம்? முள் மூட்டிலோ கண்ணிலோ தைத்தால் ஊசியால் கிளறாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெட்டினால் செத்துவிடுமா?

சாகாது. சீமைக் கருவேலத்தின் உறங்கும் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கின்றன. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொண்டு, ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். வேலி அடர வேண்டும் என்றால் இது நல்லதே. மரத்தையே ஒழிக்க வேண்டுமென்றால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

காய் பழுக்குமுன் வெட்டுவது முக்கியம். இனிப்பான அந்தக் காய்களை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கடினமான தோலுடைய விதைகள் வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, எருவோடு சேர்ந்தே முளைக்கும். பழுத்த காயோடு வெட்டிப் பொடித்துப் பரப்பினால் நாமே விதைத்ததாகிவிடும்.

பொடித்த தழையை நிலத்தில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் ஆவியாவது குறையும். ஆனால் முள் பொடியாவதில்லை. எனவே மனிதர் நடக்கும் பாதையில் அதைப் பரப்பக்கூடாது. முள் தொல்லையும் வேண்டாம், மரம் பரவும் தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்கு நம் முன்னோர் வைத்த கிளுவை வேலி இருக்கிறது. கொப்பை ஒடித்து ஊன்றினாலே வேர்பிடிக்கும்; ஆடு தாண்டாது; அண்டை நிலத்துக்குள் ஓடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

நீங்கள் டிராக்டர் ஓட்டப் போவதில்லை. பதினெட்டு வயது நிறைந்து உரிமம் பெறும்வரை ஓட்டவும் கூடாது. ஆனால் இந்த இயந்திரம் ஊருக்குள் வந்தால் வேடிக்கை பார்க்க முதலில் கூடுவது யார்? நீங்களும் உங்கள் தம்பி தங்கைகளும்தான். மட்கார்டில் ஏறி உட்கார ஆசைப்படுவதும் நீங்கள்தான். விறகுக்காக வெட்டிய கொப்பைப் பொறுக்க இயந்திரத்தின் பின்னாலேயே நடப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெண்கள்தான். ஆடு மேய்ப்பவரும் வேலிக்கு மறுபுறம் இருக்கலாம். ஓட்டுநர் கண்ணுக்கு அவர் தெரியவே மாட்டார்.

ஆகவே மட்கார்டில் ஏறாதீர்கள். இயந்திரம் ஓடும்போது 150 எட்டுக்கு அப்பால் நில்லுங்கள். மற்றவரையும் நிற்கச் சொல்லுங்கள். விறகை, எஞ்சின் நின்று, டிராக்டர் அடுத்த இடத்துக்குப் போன பிறகு பொறுக்கச் சொல்லுங்கள். 'ஏன்?' என்று கேட்டால், மேலே போட்ட கணக்குகளைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டுங்கள். 'பள்ளிக்கூடத்தில் படிக்கிற கணக்கு எதற்கு உதவும்?' என்று கேட்பவர்களுக்கும் அதுவே விடை.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. உருளையின் வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்றாகக் குறைந்தால், எறியப்படும் கல்லின் ஆற்றலும் முளையின் மீதுள்ள விசையும் எத்தனை பங்காகும்?
2. பின்சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை 1.6 மீட்டராக அகலப்படுத்தினால், கை நீட்டிய நிலையில் கவிழும் கோணம் என்ன?
3. உறை உடைந்து, 3.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள அச்சிலேயே துணி சிக்கினால் வினாடிக்கு எவ்வளவு சுற்றும்? இழுக்கும் விசை கூடுமா, குறையுமா?

விடைகள்: 1. இரண்டும் கால் பங்காகும். 2. ஏறத்தாழ 35 பாகை. 3. வினாடிக்கு 1 மீட்டர் சுற்றும். ஆனால் இழுக்கும் விசை இரு மடங்காகும்.